யாருடைய கையில் மதிப்பெண்? பண்பாட்டுத் திறன் பயிற்சியின் வரையறையும் மதிப்பீடும்

1. கேள்வி

மொன்றியல் தீவின் மேற்கே 40ஆம் இலக்க நெடுஞ்சாலை கர்க்லாண்ட் நகரைக் கடந்து செல்கிறது. மெர்க், ஃபைசர் ஆகிய இரு மருந்து நிறுவனங்களின் கனடியத் தலைமையகங்களும் அங்கே சாலையோரத்திலேயே நிற்கின்றன. ஒரு புதிய மருந்து கனடாவில் விற்பனைக்கு வரவேண்டுமானால், பொதுவாக அதை உட்கொண்டவர்களின் நோய் தணிந்ததா என்பதை, உட்கொள்ளாதவர்களோடு ஒப்பிட்டுக் காட்டியாக வேண்டும். மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவருக்குத் தன்மேல் நம்பிக்கை கூடிவிட்டது என்று சொல்லி எந்த மருந்துக்கும் அனுமதி வாங்க முடியாது.

அதே மருத்துவருக்கும் தாதிக்கும் வரவேற்பு மேசையில் இருப்பவருக்கும் இன்று இன்னொன்றும் கொடுக்கப்படுகிறது. அதன் பெயர் பண்பாட்டுத் திறன் பயிற்சி. வெவ்வேறு மொழி, சமய, இனப் பின்புலம் கொண்டவர்களுக்குத் தக்க முறையில் சேவை செய்யக் கற்றுத்தருவது அதன் நோக்கம். சில இடங்களில் அது ஒரு நாள் பட்டறை; சில இடங்களில் கணினித் திரையில் ஓடும் பாடம். அது பலன் தந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுவது பயிற்சி பெற்றவர் தாமே நிரப்பிய படிவம்தான். எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கர்க்லாண்டின் மக்கள்தொகை 20,000க்குச் சற்றுக் குறைவு. நகருக்கென்று தனி மருத்துவமனை இல்லை. அவசரம் என்றால் பக்கத்துப் பொயிண்ட்-கிளேரில் உள்ள லேக்ஷோர் பொது மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். கர்க்லாண்டிலும் அதை அடுத்த டொலார்-தெ-ஓர்மோ, பியர்ஃபோன் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. இங்கே வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசுகிறார்கள். வீட்டில் இருக்கும் அப்பம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் தமிழ் மட்டுமே தெரியும். எனவே இந்தக் கட்டுரையின் கேள்வி நமக்குத் தூரமானதன்று. பண்பாட்டுத் திறன் என்று எதைச் சொல்கிறார்கள்? அது இருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது? என் வாதம் இதுதான்: வரையறையை எழுதும்போதே மதிப்பெண் போடுபவர் யார் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. இந்தத் துறையின் பெரும்பகுதி அந்தப் பேனாவைத் தவறான கையில் கொடுத்துவிட்டது.

2. மூன்று சொற்கள், மூன்று நடுவர்கள்

தமிழில் இந்தப் பெயரே ஒரு தடையை வைக்கிறது. 'பண்பாடு' நம்மிடம் புதிய சொல். 1937 வாக்கில் டி.கே. சிதம்பரநாத முதலியார் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பண்படுதல், பண்பு என்ற வேர்களின் மணம் அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது. அதனால் 'பண்பாட்டுத் திறன்' என்றதும் நம் காதில் விழுவது நாகரிகமாக, மரியாதையாக நடந்துகொள்வது என்ற பொருளே. மரியாதை வேண்டியதுதான். ஆனால் இத்துறை பேச வந்த விஷயம் அதைவிடப் பெரியது.

1989இல் அமெரிக்காவில் டெரி கிராஸும் உடன் எழுதியவர்களும் வெளியிட்ட நூலே பெரும்பாலான வரையறைகளுக்கு மூலம். சிறுபான்மை இனக் குழந்தைகளுக்கான மனநலச் சேவை பற்றியது அது. நடத்தை, மனப்பாங்கு, கொள்கை ஆகியவை ஒரு முறைமையிலோ நிறுவனத்திலோ பணியாளர்களிடமோ இசைவாகச் சேர்ந்து, பண்பாடு கடந்த சூழலில் பயனுள்ள வகையில் பணியாற்ற வழிசெய்வதே திறன் என்றார்கள். பண்பாட்டை அழிக்கும் நிலை தொடங்கி முழுத் தேர்ச்சி வரை ஆறு படிகளையும் வகுத்தார்கள். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்த வரையறையில் முறைமையும் நிறுவனமும் கொள்கையும் தனிநபருக்குச் சமமாக நின்றன. பின்வந்த முப்பது ஆண்டுகளில் அவை மெல்ல உதிர்ந்து, பணியாளரின் தலைக்குள் இருக்கும் அறிவு மட்டும் மிஞ்சியது. காரணம் ஊகிக்கக்கூடியதே. கொள்கையை மாற்றுவதற்குப் பணமும் அதிகாரமும் வேண்டும். பாடம் நடத்துவதற்கு ஒரு மண்டபம் போதும்.

1998இல் மெலனி டெர்வலோனும் ஜான் மரே-கார்சியாவும் 'திறன்' என்ற சொல்லையே மறுத்து 'பண்பாட்டுப் பணிவு' என்றார்கள். பிறர் பண்பாட்டை ஒரு பாடநூல்போலப் படித்து முடித்துவிட முடியாது; தன் அதிகார நிலையைத் தானே வாழ்நாள் முழுதும் சோதித்துக்கொண்டிருப்பதே மருத்துவர் செய்யக்கூடியது என்பது அவர்கள் நிலைப்பாடு. அறம் சார்ந்து பார்த்தால் இது உயர்ந்தது. ஆனால் இங்கும் தேர்வு எழுதுபவரும் திருத்துபவரும் மருத்துவரேதான்.

மூன்றாவது சொல் நியூசிலாந்திலிருந்து வந்தது. மாவோரி தாதியும் கல்வியாளருமான இரிஹபெட்டி ராம்ஸ்டன் 1980களின் இறுதியில் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். 1992இல் நியூசிலாந்துத் தாதியர் மன்றம் அதைத் தாதிக் கல்வியின் கட்டாயப் பகுதியாக்கியது. ராம்ஸ்டனின் கருத்தில் பாடப்பொருள் மாவோரியரின் வழக்கங்கள் அல்ல. அதிகாரம் கையில் உள்ள தாதியே பாடப்பொருள். சேவை பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லும் உரிமையை அவர் சேவை பெற்றவரிடம் கொடுத்தார். மூன்று சொற்களில் இது ஒன்றே நடுவரின் இருக்கையை இடம் மாற்றியது. அப்போது நியூசிலாந்தின் பத்திரிகைகளிலும் அரசியலிலும் இதற்கு எழுந்த கடும் எதிர்ப்புக்கு அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

3. 'தமிழர்' என்றொரு பட்டியல்

2006இல் ஆர்தர் கிளைன்மனும் பீட்டர் பென்சனும் எழுதிய கட்டுரை இந்தப் பயிற்சிகளின் மையக் குறையைத் தொட்டது. பண்பாட்டை ஒரு தொழில்நுட்பத் திறனாகச் சுருக்கி, 'இந்த இனத்தார் இப்படி நம்புவர், இப்படி நடப்பர்' என்ற பட்டியலாக்குவது ஆபத்து என்றார்கள். மானுடவியல் எப்போதோ கைவிட்ட கருத்து அது: பண்பாடு உறைந்து கிடக்கும் ஒன்று, ஒரு குழுவில் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது என்பது.

அப்படி ஒரு பட்டியலில் தமிழர் எப்படி வருவார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை: சமயம் இந்து, உணவு மரக்கறி, முடிவெடுப்பவர் கணவர், மனநோயை மறைப்பார்கள். ஒவ்வொன்றையும் நம் ஊரில் வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

கர்க்லாண்டுக்குப் பக்கத்தில் டொலார்-தெ-ஓர்மோவில் முருகன் கோயில் இருக்கிறது. அதே 40ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ரிகோ மலைச்சரிவில் லூர்து மாதா திருத்தலம் வருகிறது. கோடையில் அங்கே திரளும் தமிழரில் கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு. இலங்கையின் மடு மாதாவிடம் நேர்த்தி வைத்துப் பழகிய சமூகத்துக்கு அதில் வியப்பேதும் இல்லை. இவர்களைத் தவிர முஸ்லிம்கள் இருக்கிறார்கள், பெந்தெகொஸ்தே சபையினர் இருக்கிறார்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து கணினித் தொழிலுக்காக வந்தவர்கள் இருக்கிறார்கள். படிவத்தில் 'சமயம்: இந்து' என்ற ஒற்றைக் குறி, இவர்களில் பலரைப் பற்றி மருத்துவரிடம் தவறாகவே சொல்லும்.

கணவரே முடிவெடுப்பார் என்பதை எடுத்துக்கொள்வோம். கர்க்லாண்ட் நகரின் பெயர் கியூபெக் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சார்ல்-எமே கர்க்லாண்டின் பெயர். நகரம் உருவான அதே 1961இல் அவருடைய மகள் மரி-கிளேர் கர்க்லாண்ட், கியூபெக் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். 1964இல் அவர் கொண்டுவந்த சட்டம் வரும்வரை, கியூபெக்கில் மணமான பெண்ணுக்குச் சட்டப்படியான முழுத் தகுதி கிடையாது. பல ஆவணங்களில் கணவரின் சம்மதம் இல்லாமல் அவள் கையெழுத்துப் போட முடியாது. அறுபது ஆண்டுகளுக்கு முன் கியூபெக்கின் சட்டத்திலேயே இருந்த ஒன்றை, வேறு தேசத்துப் பெண்ணின் மாறாத இயல்பாக ஒரு பயிற்சி ஏட்டில் எழுதுவது நியாயமில்லை. பண்பாடு ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதற்குக் கர்க்லாண்ட் என்ற பெயரே சாட்சி.

மொழியிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு முதியவள் மருத்துவரிடம் போவதாக வைத்துக்கொள்வோம். "எனக்கு ஒரே வருத்தம், யோசனையும் கூட" என்கிறாள். கூட இருந்து மொழிபெயர்ப்பவர் தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அவர் காதில் வருத்தம் என்றால் துயரம். யோசனை என்றால் சிந்தனை. யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். நீரிழிவைச் 'சீனி வருத்தம்' என்பார்கள். யோசனை என்றால் கவலை. உடல்நோய் இருக்கிறது, அதனால் கவலை என்று அவள் சொன்னது, துயரமாக இருக்கிறாள், ஏதோ சிந்தித்துக்கொண்டிருக்கிறாள் என்று மருத்துவரிடம் போய்ச் சேரும். மனச்சோர்வுப் படிவத்தில் புள்ளிகள் ஏறும். இரத்தப் பரிசோதனை தள்ளிப்போகும். மொழிபெயர்த்தவர் தமிழர்தான், தமிழ் தெரிந்தவர்தான், நல்லெண்ணம் உள்ளவர்தான். 'ஒரே பண்பாட்டுக்காரர்' என்ற எண்ணமே அங்கே தவறைக் கொண்டுவந்தது.

இன்னும் கனமான எடுத்துக்காட்டு 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய இலங்கை. மனவடு சிகிச்சை தர வெளிநாடுகளிலிருந்து பல குழுக்கள் வந்திறங்கின. கையில் தயாராக இருந்த அறிகுறிப் பட்டியல்களைக் கொண்டு மக்களை அளந்தார்கள். இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ தம் ஆய்வுகளில் சுட்டிக்காட்டியது வேறு. அந்த மக்கள் தங்கள் சேதத்தைத் தனி மனதுக்குள் இருக்கும் அறிகுறியாகச் சொல்லவில்லை. உறவுகள் குலைந்ததாக, குடும்பத்திலும் ஊரிலும் தனக்கிருந்த இடத்தை இழந்ததாகச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் பல்லாண்டு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 'கூட்டு மனவடு' என்று எழுதியதும் இதை ஒட்டியதே. பட்டியல் வைத்து அளந்தவர்களின் புள்ளிவிவரம் கணக்கில் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அங்கே நொறுங்கிக் கிடந்த பொருளுக்கு அவர்களிடம் கட்டமே இருக்கவில்லை.

இந்த எச்சரிக்கையோடுதான் நம்மைப் பற்றிய கனடிய ஆய்வுகளையும் படிக்கவேண்டும். 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர் மீட்கப்பட்டு, மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்த தலைமுறையின் மனநிலையை அறிய மோர்ட்டன் பைசர் தலைமையில் ரொறன்ரோவில் 1,603 தமிழரிடம் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் மனவடு நோய்க்கு ஆளானவர்கள் என்றது அதன் முடிவு. எண் முக்கியமானது, கொள்கை வகுப்பவர்களிடம் பேச அது தேவை. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் அடங்காத துயரம் எவ்வளவு என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

4. சான்றுகள் சொல்வது என்ன?

பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு நிலைகள் இன்றும் வழக்கில் உள்ளன: பயிற்சி பெற்றவர் விரும்பினாரா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. ஒவ்வொரு நிலைக்கும் மேலே போகப் போகச் செலவு கூடும், காலம் கூடும். பண்பாட்டுத் திறன் பயிற்சிகளின் மதிப்பீடு பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிடுகிறது.

2005இல் மேரி கேத்தரின் பீச்சும் குழுவும் 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறிவை அளந்த 19 ஆய்வுகளில் 17 முன்னேற்றம் காட்டின. மனப்பாங்கை அளந்த 25இல் 21. செய்திறனை அளந்த 14இல் 14. நோயாளியின் திருப்தியை அளந்தவை மூன்றே, மூன்றும் சாதகம். நோயாளியின் உடல்நிலை மாறியதா என்று அளந்த ஆய்வு ஒன்றுகூட இல்லை. இந்த எண்களைப் பயிற்சி வெற்றி பெற்றதற்கான சான்றாகப் பலர் எடுத்தாள்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. மருத்துவரின் மனப்பாங்கை நோக்கி மட்டும் 25 ஆய்வுகள் திரும்பின. நோயாளியின் திருப்தியை நோக்கி மூன்று.

அளவுகோல்களே கோணலாக இருந்தால் என்ன செய்வது? 2007இல் ஹாலிஃபாக்ஸ் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸோஃபியா குமாஷ்-டானும் உடன் ஆய்வாளர்களும், அதிகம் பயன்படும் பத்து அளவுகோல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பண்பாடு என்றால் இனம், அது 'மற்றவருக்கு' உள்ளது, சேவை தருபவர் வெள்ளையர், பழக்கமின்மையே சிக்கல், தயக்கமின்றித் தன்னம்பிக்கையோடு இருப்பதே திறன். இவை அந்த அளவுகோல்களுக்குள் புதைந்திருந்த முன்முடிவுகள். தமிழ்த் தாதி ஒருத்தி அந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால், அவளுக்கென்று அதில் இடமே இல்லை. தன்னம்பிக்கையைத் திறனாகக் கொள்வதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. நல்ல பயிற்சி ஒருவருக்குத் தன் அறியாமையைக் காட்டும். அதை உணர்ந்தவர் அடுத்த முறை தமக்குக் குறைந்த மதிப்பெண்ணே போட்டுக்கொள்வார். உணராதவர் கூட்டிப் போட்டுக்கொள்வார். படிவம் இரண்டாமவரைச் சிறந்தவர் என்று சொல்லிவிடும்.

மருந்துச் சோதனைக்கு நெருக்கமான முறையில் நடந்த ஆய்வு ஒன்றை 2010இல் தாமஸ் செக்விஸ்டும் குழுவும் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 124 மருத்துவப் பணியாளர்கள். அவர்களிடம் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளில் 2,699 பேர் கறுப்பினத்தவர். ஒரு பிரிவினருக்குப் பண்பாட்டுத் திறன் பயிற்சியும், கறுப்பின வெள்ளையின நோயாளிகளின் நிலையை ஒப்பிட்டுக் காட்டும் மாதாந்த அறிக்கையும் தரப்பட்டன. மறு பிரிவினருக்கு இல்லை. ஓராண்டு முடிவில், பயிற்சி பெற்றவர்கள் தங்கள் மருத்துவ நிலையங்களில் இன ஏற்றத்தாழ்வு இருப்பதை மற்றவர்களைவிட அதிகமாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் கட்டுப்பட்ட அளவில் இரு பிரிவினரின் கறுப்பின நோயாளிகளுக்கும் வேறுபாடு இல்லை. மனம் திறந்தது, உடலுக்கு எதுவும் வந்து சேரவில்லை.

2014இல் மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் கொக்ரேன் அமைப்புக்காக லிடியா ஹோர்வட் குழுவினர் செய்த ஆய்வில், தகுதிபெற்ற எழுமாற்றுச் சோதனைகள் ஐந்தே தேறின. 337 பணியாளர்களும் 8,400 நோயாளிகளும் அவற்றில் அடங்குவர். சில கூறுகளில் ஆதரவு கிடைத்தது என்றும் சான்றின் தரம் தாழ்ந்தது என்றும் அவர்கள் முடித்தார்கள்.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. பயிற்சி மாத்திரை அல்ல. கல்வியின் பலன் ஓராண்டில் இரத்தத்தில் தெரியவேண்டும் என்று கேட்பது அநியாயம். நீரிழிவுக்குப் பின்னால் வருமானம், வேலை நேரம், குடியிருப்பு, உணவின் விலை எல்லாம் இருக்கின்றன. அவற்றை ஒரு மருத்துவரின் பேச்சு எப்படி மாற்றும்? இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் ஏற்றால் அதன் முழு நீளத்துக்கும் போகவேண்டும். சிக்கல் மருத்துவரின் தலைக்கு வெளியே இருக்கிறது என்றால், தலைக்குள் பாடம் ஏற்றுவதை மட்டும் தீர்வாக வைத்திருப்பது ஏன்?

5. ஜொலியெட் தந்த பாடம்

கியூபெக்கில் இந்தக் கேள்வியை வெறும் கல்வித்துறை விவாதமாக வைத்திருக்க முடியாமல் செய்தது ஒரு மரணம். மனவான் என்ற அத்திகமெக் பழங்குடி ஊரைச் சேர்ந்த ஜொய்ஸ் எஷக்குவான், 37 வயது, ஏழு பிள்ளைகளின் தாய். 2020 செப்டெம்பர் 28 அன்று மொன்றியலுக்கு வடக்கே உள்ள ஜொலியெட் மருத்துவமனையில் இறந்தார். இறப்பதற்குச் சற்று முன் பணியாளர்கள் தம்மை இழிவாகப் பேசியதை அவர் தம் கைபேசியிலிருந்து நேரலையாகவே உலகுக்குக் காட்டிவிட்டார். விசாரித்த மரண விசாரணை அதிகாரி ஜெஹான் கமெல், நுரையீரலில் நீர்கோத்ததே உடனடிக் காரணம் என்றும், இனவெறியும் முன்முடிவும் அந்த மரணத்தில் பங்கு வகித்தன என்றும் 2021 அறிக்கையில் எழுதினார். அமைப்புரீதியான இனவெறி இருப்பதை அரசு ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய முதல் பரிந்துரை. கியூபெக் அரசு அந்தச் சொல்லை ஏற்க மறுத்தது.

இதற்கு முன்பே எச்சரிக்கைகள் இருந்தன. பழங்குடிப் பிள்ளைகளின் வதிவிடப் பள்ளிகளை விசாரித்த கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015இல் விடுத்த 94 அழைப்புகளில் 23ஆவது, எல்லாச் சுகாதாரப் பணியாளருக்கும் பண்பாட்டுத் திறன் பயிற்சி தரச் சொன்னது. பழங்குடியினருக்கும் கியூபெக்கின் பொதுச் சேவைகளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த வியன் ஆணையம் 2019இல் 142 பரிந்துரைகளைத் தந்தது. எஷக்குவானின் மரணத்துக்குப் பிறகு சுகாதாரத் துறைப் பணியாளர்கள் அனைவருக்கும் இணையவழி விழிப்புணர்வுப் பயிற்சி கட்டாயமானது. அது மேலோட்டமானது என்று பழங்குடியினர் தரப்பிலிருந்து விமர்சனம் எழுந்தது. எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கை எடுப்பது எளிது. ஜொலியெட்டுக்கு வரும் அடுத்த அத்திகமெக் பெண் பயமில்லாமல் வருகிறாளா என்ற கணக்கு அதிலிருந்து கிடைக்காது.

அத்திகமெக் மக்கள் 2020 நவம்பரில் முன்வைத்த 'ஜொய்ஸின் கோட்பாடு' பயிற்சியோடு நிற்கவில்லை. பாகுபாடின்றிச் சேவை பெறும் உரிமையையும், தங்கள் மரபறிவுக்கான மதிப்பையும் கேட்டது. 2024 டிசம்பரில் கியூபெக் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' அணுகுமுறைக்கென்றே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ராம்ஸ்டனின் சொல் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை யாருக்காக இயற்றினார்களோ அந்தப் பழங்குடித் தலைமைகள், தங்களோடு சேர்ந்து எழுதப்படவில்லை என்று அதை எதிர்த்தன. நடுவரின் இருக்கையை மாற்றுவதற்காகப் பிறந்த சொல், இருக்கை மாறாமலேயே ஏட்டில் ஏறிவிட்டது என்பதே என் கணிப்பு.

நம் நிலையைப் பழங்குடியினரின் நிலையோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. அவர்களுடைய நிலத்துக்கு நாமும் குடியேறி வந்தவர்கள். ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவரின் சொல்லுக்கு எடை தராத வழக்கம் எல்லோரையும் தொடும்.

6. மொன்றியலில் இருந்த இன்னொரு வழி

தலைக்குள் பாடம் ஏற்றுவதற்கு மாற்று இல்லையா? கர்க்லாண்டிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரத்தில், மொன்றியல் யூதப் பொது மருத்துவமனையில், மக்கில் பல்கலைக்கழகத்தின் லோரன்ஸ் கர்மேயரும் ஜஸ்வந்த் குஸ்டர் முதலிய சகாக்களும் 1999இல் பண்பாட்டு ஆலோசனைச் சேவையைத் தொடங்கினார்கள். முறை எளியது. சிகிச்சையில் குழப்பம் ஏற்படும்போது ஒரு மருத்துவரோ சமூகப் பணியாளரோ நோயாளியை அங்கே அனுப்புவார். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரும், அந்தச் சமூகத்தின் உள்ளோட்டம் தெரிந்த பண்பாட்டு இடையாளரும், மனநல மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து நோயாளியின் கதையை முழுதாகக் கேட்பார்கள். பின்னர் அனுப்பியவருக்கு அறிக்கை தருவார்கள். எல்லோரும் எல்லாப் பண்பாடும் அறிந்திருக்கவேண்டும் என்ற நிறைவேறாத கனவு அங்கே இல்லை. தெரியாதபோது எங்கே கேட்பது என்பதற்கு ஓர் இடம் இருந்தது.

அதன் பலனை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே வந்த 323 பேரில் 70 பேருக்கு முன்பே சித்தப்பிரமை வகை நோய் என்று முத்திரை விழுந்திருந்தது. முழுமையாகக் கேட்டபின் அவர்களில் 34 பேருக்கு அது அந்த வகை நோயே இல்லை என்று தெரிந்தது; கிட்டத்தட்ட பாதி. மறுபக்கம், அந்த முத்திரை இல்லாமல் வந்த 253 பேரில் 12 பேருக்கு அது புதிதாகக் கண்டறியப்பட்டது. இதற்கும் குறை உண்டு. எழுமாற்று ஒப்பீடு இல்லை. புதிய முடிவே சரி என்று சொன்னவர்கள் அதே சேவையினர். குழப்பமானவர்களே அங்கே அனுப்பப்பட்டார்கள் என்பதால் எல்லா நோயாளிக்கும் இதைப் பொருத்த முடியாது. இவ்வளவையும் கழித்த பிறகும் அந்த 34 என்ற எண் என்னை விடவில்லை. வாழ்நாள் முழுதும் விழுங்கவேண்டிய மாத்திரையும், வேலையும், பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்கும் உரிமையும் அப்படிப்பட்ட ஒரு முத்திரையில் தொங்கும்.

மொழிபெயர்ப்பு பற்றிய சான்று இன்னும் தெளிவானது. லியா கார்லினரும் குழுவும் 2007இல் தொகுத்த ஆய்வின்படி, தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இருந்த இடங்களில், மொழித் தடை உள்ள நோயாளிகளுக்குக் கிடைத்த சிகிச்சை, தடை இல்லாதவர்களுக்குக் கிடைத்ததை நெருங்கியது. பிழைகளும் குறைந்தன. கியூபெக்கில் மருத்துவ நிலையங்கள் மொழிபெயர்ப்பாளரை அழைக்க ஒரு மொழிபெயர்ப்பாளர் வங்கி இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் சுகாதாரச் சேவைச் சட்டம், பல்வேறு பண்பாட்டுச் சமூகத்தினருக்கு அவரவர் மொழியில் சேவை கிடைப்பதை 'வளங்கள் அனுமதிக்கும் அளவுக்கு' ஊக்குவிக்கச் சொன்னது. அந்தச் சொற்றொடருக்குள்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பயிற்சிக்கு வளம் கிடைத்துவிடுகிறது, மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைப்பதில்லை.

7. எதை அளக்கவேண்டும்?

பயிற்சியை ஒழிக்கவேண்டும் என்பது என் முடிவல்ல. முன்முடிவைத் தானே காணக் கற்பதற்கு அது ஒரு தொடக்கமாக இருக்கலாம். 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் சேர்க்கப்பட்ட பண்பாட்டு நேர்காணலின் 16 கேள்விகள், 'உங்கள் சிக்கலை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்' என்ற இடத்திலிருந்து தொடங்குகின்றன. அத்தகைய கேட்கும் முறையைக் கற்றுத்தருவது, தமிழர் என்ன உண்பர் என்று கற்றுத்தருவதைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

ஆனால் மதிப்பீட்டை இடம் மாற்றியாக வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் அந்த நிலையத்துக்கு வந்த தமிழ் பேசும் நோயாளிகளிடம், தமிழிலேயே, வீட்டாரை வெளியே வைத்துவிட்டுக் கேட்கவேண்டும்: சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தீர்களா? மருத்துவர் சொன்னது புரிந்ததா? மறுபடியும் இங்கே வருவீர்களா? இவற்றோடு நிறுவனம் தன் ஏடுகளிலிருந்து தானே எடுக்கக்கூடிய கணக்குகளும் உண்டு: மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்ட சந்திப்புகளில் எத்தனையில் வந்தார், எத்தனையில் பிள்ளை மொழிபெயர்த்தது, பாதியில் சிகிச்சையை விட்டவர் எத்தனை பேர், வந்த முறைப்பாடுகள் என்னவாயின. இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். கேள்விகளை எழுதும் மேசையில் நோயாளிகளின் சமூகத்தாரும் உட்காரவேண்டும். முடிவுகள் அவர்களுக்கும் தெரியவேண்டும்.

நம் பங்கும் உண்டு. பத்து வயதுப் பேரனை அழைத்துப் போய் அம்மம்மாவின் மார்பு நோவையோ கருப்பைச் சிக்கலையோ மொழிபெயர்க்கச் சொல்வது, அந்தப் பிள்ளைக்கும் அவளுக்கும் நாம் செய்யும் கொடுமை. அவள் பேரனிடம் எதைச் சொல்வாள், எதை விழுங்கிவிடுவாள் என்று நமக்குத் தெரியும். கர்க்லாண்டிலோ டொலார்-தெ-ஓர்மோவிலோ பியர்ஃபோனிலோ அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். எந்த ஊர்த் தமிழ் என்பதையும் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.